எழுதுகோலும் ஒரு வீரமங்கையும்

கற்பனை மாந்தருக்கும் வரலாறு உண்டு. அவர்களைப் படைத்தோரின் உள்ளத்தையும், அவர்கள் உலவிய காலத்தின் போக்கையும் அவ்வரலாறு காட்டிவிடும். அமெரிக்கச் சித்திரக் கதைகளில் பிறந்த 'வொண்டர் உமன்' என்னும் வீரமங்கையின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1938இல் சூப்பர்மேனும் 1939இல் பேட்மேனும் தோன்றிச் சிறுவர் உள்ளங்களைக் கவர்ந்தனர். வலிமை ஆடவர்க்கே உரியது என்னும் எண்ணம் சிறுவர் மனத்தில் வேரூன்றுவதை உளவியலறிஞர் வில்லியம் மௌல்டன் மார்ஸ்டன் விரும்பவில்லை. இரத்த அழுத்தத்தைக் கொண்டு பொய்யைக் கண்டறியும் முறையை ஆராய்ந்தவர் அவர். அவர் எழுத, எச். ஜி. பீட்டர் ஓவியம் தீட்ட, 1941ஆம் ஆண்டின் இறுதியில் 'ஆல் ஸ்டார் காமிக்ஸ்' எட்டாம் இதழில் இவ்வீரமங்கை அறிமுகமானாள். ஆடவர் வாழாத தீவில் வளர்ந்த அமேசான் இளவரசி டயானாவே அவள். குண்டுகளைத் தடுக்கும் கைவளைகளும், கட்டுண்டவரைத் தன் ஆணைக்கு அடங்கவைக்கும் பொற்கயிறும் அவள் படைக்கலங்கள். பின்னாளில் அக்கயிறு, உண்மையைப் பேசவைக்கும் கயிறாயிற்று.

1942இல் அவள் பெயரிலேயே தனி இதழ் வெளிவந்தது. ஆயினும், அதே ஆண்டில் வேறோர் எழுத்தாளர் கையில், வீரர் பலர் கூடிய 'ஜஸ்டிஸ் சொசைட்டி' என்னும் சங்கத்தில் அவளுக்குக் கிடைத்த பொறுப்பு யாது? செயலாளர் பதவியே! தோழர்கள் பகைவரைத் தேடிப் புறப்பட, மலையைப் பெயர்க்க வல்லவள் பல கதைகளில் பின்தங்கினாள். 1944 முதல் ஜாய் ஹம்மல் என்னும் பெண்மணி அவளுக்குக் கதைகள் எழுதினார். அவையும் 'சார்ல்ஸ் மௌல்டன்' என்னும் ஆண் புனைபெயரிலேயே வெளிவந்தன.

1947இல் மார்ஸ்டன் மறைந்தார். அடுத்து எழுதிய ராபர்ட் கனிகர் காலத்தில் காதல் நிகழ்ச்சிகள் மிகுந்தன. 1968இல் வேறு எழுத்தாளர்கள் அவளுடைய பேராற்றலையே நீக்கினர். ஆற்றலின்றியும் தன் திறத்தால் வெல்லும் பெண்ணைக் காட்டுவதே எழுத்தாளர் டென்னி ஓநீலின் நோக்கமாக இருந்தது. நோக்கம் நன்றே, எனினும், பறிக்கப்பட்டதாகவே பெண்ணுரிமையாளர் அதனைக் கண்டனர். 1972இல் குளோரியா ஸ்டைனம் முதலியோர் நடத்திய 'மிஸ்' இதழ், பழைய கோலத்திலேயே அவளை அட்டையில் வெளியிட்டது. 1973இல் இழந்த ஆற்றலை அவள் மீண்டும் பெற்றாள்.

தொலைக்காட்சியிலும் இவ்வரலாறு தொடர்ந்தது. 1972இல் 'தி பிரேடி கிட்ஸ்' என்னும் கார்ட்டூன் தொடரில் ஒரு பகுதியில் தோன்றியவள், 1973இல் தொடங்கிய 'சூப்பர் பிரண்ட்ஸ்' தொடரில் நிலையான இடம் பெற்றாள். எனினும், முதன்மை வீரர் ஐவருள் அவள் ஒருத்தியே பெண். 2001இல் வந்த 'ஜஸ்டிஸ் லீக்' தொடரில் எழுவருள் இருவர் பெண்டிர். அதில் டயானா, தாயின் இசைவின்றித் தீவை விட்டு வருகிறாள். பின்னர் தோழர்களான ஆடவரைத் தீவுக்கு அழைத்து வந்ததற்காக, அதனைக் காத்த பின்னும் நாடு கடத்தப்படுகிறாள். செயலாளராய்ப் பின்தங்கிய அதே மங்கை இங்கே தானே முடிவெடுத்து, அதன் விலையையும் கொடுக்கிறாள்.

அவளது சித்திரக் கதையை ட்ரினா ராபின்ஸ் என்னும் பெண் ஓவியர் வரைந்தது 1986இல். அப்போது அவள் பிறந்து நாற்பத்தைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன! 2009இல் அவளைப் பற்றிய கார்ட்டூன் திரைப்படத்தை லாரன் மாண்ட்கோமரி என்னும் பெண்மணி இயக்கினார்.

கைவளையும் பொற்கயிறும் தாளில் தீட்டப்பட்டவை. தீட்டிய கை நினைத்தால் அவற்றைத் துடைத்தும் விடலாம். ஆகவே, கதையில் ஒரு பெண் எவ்வளவு வலியவள் என வியக்கும் மாணவர், அக்கதையை எழுதும் உரிமை யாரிடம் இருக்கிறது என்றும் வினவக் கற்றல் வேண்டும். அவ்வினாவை எழுப்பக் கற்பிக்கும் ஆசிரியர், படக்கதையையும் பாடநூலாக்கிவிடுவார்.