செத்துப் பிழைத்த இருவர்: ஒரு நத்தை, ஒரு பாஸம்

ஒரு உயிரினம் அழிந்துவிட்டது என்று எழுதிவைத்த பிறகு அது உயிரோடு வந்து நின்றால்? இரண்டு முறை நடந்த கதை இது. ஒன்று ஆஸ்திரேலியாவில், மற்றொன்று அமெரிக்காவில்.

முதலில் மலைக் குள்ளப் பாஸம். கங்காருவைப் போல வயிற்றில் பையுள்ள பிராணிதான், ஆனால் எடை சுமார் 45 கிராம். 1895ல் வொம்பேயன் குகைப் பகுதியில் கிடைத்த எலும்புகளை வைத்து ராபர்ட் புரூம் என்ற டாக்டர் இதற்குப் பெயர் வைத்தார். (பின்னாளில் தென்னாப்பிரிக்காவில் ஆதிமனிதப் புதைபடிவங்களால் புகழ்பெற்றவர் இவரேதான்.) எப்போதோ அழிந்த இனம் என்றே எல்லோரும் நினைத்தார்கள். 1966ல் மவுண்ட் ஹோதம் மலையில் ஒரு பனிச்சறுக்கு விடுதிக்குள் அது உயிரோடு சிக்கியது! தேடிப்போனவர் யாருமில்லை, அதுவாகவே வந்தது.

நத்தைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அலபாமா மாநிலத்தின் காஹாபா ஆற்றில், பாறைமேல் ஒட்டிப் பாசியைச் சுரண்டித் தின்னும் சின்ன நத்தை, லெப்டாக்ஸிஸ் காம்பாக்டா. 1933க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. 2000ல் அழிந்ததாக அறிவித்தார்கள். 2011ல் நேதன் வேலன் என்ற ஆராய்ச்சி மாணவர் ஆற்றில் நத்தை பொறுக்கும்போது இது கையில் வந்தது. ஆமாம், ஒரு மாணவர்தான்.

பக்கத்துக் கூசா ஆற்றில் 1914 முதல் 1967 வரை வரிசையாக அணை கட்டினார்கள். ஓடும் நீர் ஏரியானது. நத்தை இனங்கள் கூட்டம் கூட்டமாக ஒழிந்தன. காஹாபாவின் பெரும்பகுதி தடையின்றி ஓடியதால்தான் இந்த நத்தை தப்பியிருக்க வேண்டும். அப்படியும் அது வாழ்ந்த இடத்தில் 90 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது.

பிழைத்த பின் கிடைத்த மரியாதையில்தான் பெரிய வித்தியாசம். பாஸத்தின் பெண்கள் உயரமான பாறைக்குவியல்களில் இருக்கும். இனப்பெருக்கம் முடிந்ததும் ஆண்கள் கீழே இறங்கிவிட வேண்டும். சாலையும் சறுக்குதளமும் வழியை மறித்ததால் ஆண்கள் மேலேயே தங்க, குளிர்காலத்தில் பெண்கள் அதிகம் செத்தன. 1980களில் சாலைக்கு அடியில் பாறை நிரப்பிய ஒரு சுரங்கப்பாதை போட்டார்கள். 'காதல் சுரங்கம்' என்று செல்லப்பெயர் வேறு! நிலைமை சீரானது.

நத்தைக்கு யார் செல்லப்பெயர் வைப்பார்கள்? பஞ்சு போன்ற ரோமமும் உருண்டைக் கண்ணும் இருந்தால் போட்டோ எடுக்கலாம்.

ஆனாலும் பாஸம் நிம்மதியாக இல்லை. அதன் முக்கிய உணவான போகாங் அந்துப்பூச்சி 2017க்குப் பின் வந்த வறட்சியில் பெருமளவு குறைந்தது. அடுத்த ஆண்டே பல தாய்களின் பைக்குள் குட்டிகள் பட்டினியால் செத்துக் கிடந்தன.