ஊரை வரையும் உத்தியோகம்

1914 அக்டோபரில் 'கிளான் கிராண்ட்' என்ற சரக்குக் கப்பலை மினிக்காய்த் தீவுப் பக்கம் எம்டன் மூழ்கடித்தது. சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகள் மீது குண்டு போட்டுவிட்டுப் போய் ஒரு மாதம்கூட ஆகாத அதே ஜெர்மன் போர்க்கப்பல்தான். கடலுக்குள் போன சரக்கில் ஒரு கண்காட்சியும் இருந்தது. உலக நகரங்களின் வரைபடங்கள், ஓவியங்கள், புகைப்படங்கள் எல்லாம் பெட்டி பெட்டியாகச் சென்னைக்கு வந்துகொண்டிருந்தன. அவற்றுக்குச் சொந்தக்காரர் பேட்ரிக் கெட்டிஸ். ஸ்காட்லாந்துக்காரர், டண்டியில் தாவரவியல் பேராசிரியர். சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் பிரபு அழைத்துத்தான் புறப்பட்டிருந்தார்.

இங்கிலாந்தில் இருந்த நண்பர்கள் புதிதாகப் படங்களைத் திரட்டி அனுப்பினார்கள். 1915 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸில் கண்காட்சி நடந்தேவிட்டது. தமிழ்நாட்டில் நகரமைப்பு என்ற வேலையின் கதையை இங்கிருந்து தொடங்குவதே பொருத்தம்.

அதற்கு முன்பு ஊரைத் திருத்துவது நகராட்சிப் பொறியாளரும் சுகாதார அதிகாரியும் பார்த்த வேலை. 1896இல் பம்பாயில் பிளேக் வந்தபின் அவர்கள் கைக்குப் பலம் கூடியது. நெரிசலான தெருவா, இடி. நேர்கோட்டில் சாலை போடு. தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதிக்கும் அப்படி ஒரு திட்டம் தயாராக இருந்தது. கெட்டிஸ் சந்து சந்தாக நடந்து பார்த்தார். பாழடைந்த சில வீடுகளை மட்டும் அகற்றி, கிடைக்கும் இடத்தைத் திறந்தவெளியாக்கி மரம் நட்டால் போதும், காற்றும் வெளிச்சமும் தானாக வரும் என்றார். பெரும்பாலான வீடுகள் தப்பும். செலவும் பொறியாளர் திட்டத்தில் ஒரு சிறு பங்குதான். உடலை வெட்டிப் போடாமல் நோயுள்ள இடத்தை மட்டும் தொடும் இந்த முறையைப் பாதுகாக்கும் அறுவைச் சிகிச்சை என்று அவர் அழைத்தார். குளங்களைப் பற்றியும் அவருக்குப் பிடிவாதமான கருத்து உண்டு. கொசுவுக்குப் பயந்து தூர்க்க வேண்டாம், மீனையும் வாத்தையும் விடுங்கள் என்பது அவர் வாதம்.

கெட்டிஸ் வந்தார், போனார். அவரோடு வேலை செய்த கட்டடக் கலைஞர் ஹென்றி லான்செஸ்டர் சென்னை மாகாணத்தின் தேவைகளை ஆராய்ந்து 1918இல் நூலாக்கினார். ஜோத்பூரின் உமைத் பவன் அரண்மனையைப் பின்னாளில் வடிவமைத்தவரும் இவரே. 1920இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. திட்டம் போடத் தீர்மானிக்கும் உரிமையை அது நகராட்சிக்குத் தந்தது. ஆனால் திட்டம் வரையத் தெரிந்தவர் மாகாண அரசின் சம்பளத்தில், நகரமைப்பு இயக்குநர் அலுவலகத்தில் இருந்தார். இந்த ஏற்பாட்டின் நிழல் இன்னும் விலகவில்லை.

சட்டம் வந்த சூட்டோடு பிறந்தது தியாகராய நகர். நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம் வழியாகத் தெற்கே நீண்டு கிடந்த பெரிய ஏரியை வடித்து, 1923 முதல் 1925 வரை மனை பிரித்தார்கள். நடுவில் பூங்கா, அதிலிருந்து பிரியும் அகலச் சாலைகள் என்று வரைபடத்தில் அழகான வேலைதான். நீதிக்கட்சி ஆட்சியின் பெயர்ப் பட்டியல் தெருத்தெருவாக எழுதப்பட்டது: பனகல் பூங்கா, உஸ்மான் சாலை, ஜி.என். செட்டி சாலை. குளத்தைத் தூர்க்காதீர் என்று கெட்டிஸ் சொல்லிப் பத்தாண்டுகூட நிறையவில்லை. ஏரி போனாலும் கரை பெயரில் நின்றுவிட்டது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு. 2021 நவம்பர் மழையில் தி.நகர் தெருக்கள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றபோது அந்தப் பழைய வரைபடத்தைப் பலரும் தேடி எடுத்தார்கள்.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைந்தது. நந்தனம் பக்கத்து சி.ஐ.டி. நகரின் பெயர் அந்த டிரஸ்டிலிருந்து வந்தது. துப்பறியும் போலீஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1961இல் அதன் வேலை வீட்டுவசதி வாரியத்துக்குப் போனது.

பெரிய திருப்பம் 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம். இன்று சி.எம்.டி.ஏ. எனப்படும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் எழுபதுகளின் தொடக்கத்தில் உருவாகி, 1975இல் முதல் மாஸ்டர் பிளானைக் கொண்டுவந்தது. 1,189 சதுர கிலோமீட்டருக்கு அது திட்டமிட்டது. மாநகராட்சி எல்லை அதில் ஒரு சிறு பகுதி. மற்ற ஊர்களை நகர் ஊரமைப்பு இயக்ககமும் அதன் கீழுள்ள உள்ளூர் திட்டக் குழுமங்களும் பார்த்துக்கொண்டன. அந்த இயக்ககத்தின் ஆங்கிலச் சுருக்கம் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். 'டி.டி.சி.பி. அப்ரூவ்டு மனைகள்' என்று டிவியில் கூவாத நாள் உண்டா? ஓர் ஊரின் எதிர்காலத்தை வரையும் அலுவலகம் மனை விளம்பரத்தில் முத்திரையாகிவிட்டது.

நகராட்சியில் மிஞ்சியது நகரமைப்பு ஆய்வாளரும் நகரமைப்பு அலுவலரும். வீட்டு பிளானைப் பார்ப்பது, பக்கத்தில் எத்தனை அடி விட்டிருக்கிறார்கள் என்று அளப்பது, டீவியேஷனுக்கு நோட்டீஸ் கொடுப்பது. கவுன்சிலர் ஒருபக்கம், பில்டர் மறுபக்கம் நிற்க, நடுவில் அளவு டேப். இந்த நாற்காலிக்கு லஞ்சப் பேச்சு ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை. ஆனால் குற்றம் நாற்காலியில் உட்கார்ந்தவருடையது மட்டும் என்று சொல்லிவிட முடியாது. தொண்ணூறுகளின் இறுதியில் விதிமீறிய கட்டடங்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்தச் சட்டத்திலேயே வழி திறந்தார்கள். சலுகை நீண்டுகொண்டே போனது. நோட்டீஸ் கொடுத்த அலுவலரை அதன்பின் யார் மதிப்பார்கள்? அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியதாயிற்று.

1992இன் 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் உள்ளாட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைப் பட்டியலிட்டது. முதல் பணியே நகரத் திட்டமிடல். பட்டியல் காகிதத்தில் இருக்கிறது. 2021இல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையின்படி, மாநிலங்களின் நகரமைப்புத் துறைகளில் அனுமதிக்கப்பட்ட திட்டமிடுநர் பணியிடங்கள் நாடு முழுவதற்கும் 3,945தான். அவற்றிலும் 42 விழுக்காடு காலி. பல மாநிலங்களில் இந்த வேலைக்கு நகரமைப்புப் பட்டம் கட்டாயம்கூட இல்லை.

கோவையின் மாஸ்டர் பிளான் 1994இல் ஒப்புதல் பெற்றது. அடுத்த வரைவு மக்கள் பார்வைக்கு வந்தது 2024இல். இந்த இடைவெளியில் விமான நிலையச் சாலையும் சரவணம்பட்டியும் தாமாகவே வளர்ந்து முடிந்துவிட்டன. கோவை, மதுரை, திருப்பூர், ஓசூருக்குத் தனி நகர்ப்புற வளர்ச்சிக் குழுமங்களை 2022இல் தமிழக அரசு அறிவித்தது. அவையும் மாநில அரசின் அமைப்புகளே. மேயர் அறையிலிருந்து வரைபட மேசைக்கான தூரம் 1920இல் இருந்த அளவிலேயே இருக்கிறது.