சிலிகா: வாசல் அடைபட்ட ஏரி

ஏரி என்றதும் நமக்கு ஊர்க் கண்மாய்தான் நினைவுக்கு வரும். ஒடிசாவின் சிலிகா வேறு ரகம். மேற்கிலும் தெற்கிலும் கிழக்குத் தொடர்ச்சி மலைக் குன்றுகள், கிழக்கே வங்கக்கடல், இடையில் நீளமான ஒரு மணல்திட்டு. கோடையில் சுமார் 900 சதுர கி.மீ. இருக்கும் ஏரி, மழைக்காலத்தில் 1,100ஐத் தாண்டி விரியும்.

மகாநதியின் கிளைகள் நன்னீரும் வண்டலும் கொண்டுவரும். முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் ஏறும். இந்தக் கலப்பில்தான் மீன், இறால், நண்டு எல்லாம். சுற்றுக் கிராமங்களின் பிழைப்பும் அதில்தான்.

ஆனால் கடலோரமாக நகரும் மணல் முகத்துவாரத்தை அடைத்துக்கொண்டே வந்தது. உப்பு குறைந்தது, களைகள் பரவின, மீன் குறைந்தது. 1981ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த ஏரி, 1993ல் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலுக்குப் போனது.

இதற்கிடையே மீனவர்களின் நீர்ப்பரப்பை இறால் பண்ணைகள் வளைத்துக்கொண்டன. சிலிகாவிலும் நம் பழவேற்காட்டிலும் 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது என்று 1996ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்படியும் நிற்கவில்லை. மீனவர்களே பண்ணைகளை உடைக்க இறங்கினார்கள். 1999 மே மாதம் சோரானா கிராமத்தில் போலீஸ் சுட்டதில் 4 பேர் இறந்தார்கள்.

2000 செப்டம்பரில் மணல்திட்டை வெட்டிப் புது முகத்துவாரம் திறந்தார்கள். 1999-2000ல் சுமார் 1,700 டன்னாக இருந்த மீன்பிடிப்பு 2001-02ல் 12,000 டன்னை நெருங்கியது. 2002ல் ஆபத்துப் பட்டியலிலிருந்தும் ஏரி நீங்கியது.

காமர்ஸ் மாணவன் கண்ணுக்கு இது நல்ல லாபக் கணக்கு. ஆனால் அந்த 4 உயிர்களை எந்தப் பக்கத்தில் எழுதுவது? நண்பர்களே, நீங்கள் சொல்லுங்கள்.