ஒப்பந்தம் தேடிய வேகம்: நரேன் கார்த்திகேயனின் பந்தய வாழ்க்கை, 1993–2019

பினாங்கின் பாயான் பாருவில் வாழ்பவர்களுக்கு 'காண்ட்ராக்ட்' என்ற சொல்லை விளக்கத் தேவையில்லை. 1972-இல் பக்கத்துப் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கியதிலிருந்து, ஒப்பந்தம் முடிந்ததும் அடுத்த தொழிற்சாலை வாசலுக்குப் போவது இங்கே பலருக்கும் பழக்கம். கைத்தொழில் தெரிந்தவர்தான், ஆனால் எந்த இயந்திரத்தின் முன் நிற்பது என்பதை அவர் முடிவு செய்வதில்லை. கார் பந்தயத்திலும் இப்படிப்பட்டவர்கள் உண்டு. ஒவ்வொரு சீசனுக்கும் புது அணியையும் புது நாட்டையும் தேடிப் போகும் இவர்களை இக்கட்டுரை 'ஒப்பந்த ஓட்டுநர்' என்கிறது.

இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநரான நரேன் கார்த்திகேயனின் வரலாறு வழக்கமாக 'முதல் இந்தியர்' என்ற பெருமையில் தொடங்கி, 46 பந்தயங்களில் 5 புள்ளிகள் என்ற கணக்கில் முடிந்துவிடுகிறது. இவை இரண்டும் உண்மை. ஆனால் அவர் ஏறத்தாழ இருபத்தாறு ஆண்டுகள் இத்தொழிலில் எப்படி நிலைத்தார் என்பதை இவை விளக்கவில்லை. அவருடைய ஒவ்வொரு இருக்கைக்கும் வழி திறந்தது பணமா, பரிச்சயமா, திறமையா என்று கேட்டால்தான் அந்த வரலாறு தெளிவாகும்.

விளைநிலம்

1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளமாக இருந்த சோழவரத்தில் பல்லாண்டுகள் பந்தயம் நடத்தியது. 1990-இல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் அதற்கென நிரந்தரப் பந்தயத்தடம் அமைந்தது. கோயம்புத்தூரில் எஸ். கரிவரதன், மாருதி காரின் எஞ்சினைப் பொருத்தி ஃபார்முலா மாருதி என்னும் ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியை உருவாக்கினார். இளைஞர் ஒருவர் எட்டிப் பிடிக்கக்கூடிய செலவில் பந்தயம் பழக அதுவே வழி செய்தது. கரிவரதன் 1995-இல் சிறுவிமான விபத்தில் மறைந்தார். செட்டிப்பாளையத்திலுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே இன்றும் அவர் பெயரைத் தாங்குகிறது.

1977 ஜனவரி 14 அன்று பிறந்த நரேனின் தந்தை ஜி. ஆர். கார்த்திகேயன், தென்னிந்திய ராலியை ஏழு முறை வென்றவர். நரேன் பிரான்சின் வின்ஃபீல்டு பயிற்சிப் பள்ளியில் கற்றுத் திரும்பி, 1993-இல் ஸ்ரீபெரும்புதூரில் ஃபார்முலா மாருதி ஓட்டினார். வீட்டில் ராலி, சொந்த ஊரான கோயம்புத்தூரில் வண்டி கட்டும் பட்டறை, சென்னைக்கு வெளியே பந்தயத்தடம் என்ற மூன்றும் ஒரே தலைமுறையில் கூடிவந்ததன் விளைவு அவர்.

படிக்கட்டுகள்: 1994–2004

1994-இல் பிரிட்டனின் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரையும் 1996-இல் ஃபார்முலா ஆசியா பட்டத்தையும் நரேன் வென்றார். 1999-இல் பிரிட்டிஷ் ஃபார்முலா த்ரீயில் பிராண்ட்ஸ் ஹேட்ச் தடத்தில் இரு வெற்றிகள் கிடைத்தன. 2001-இல் ஜப்பானின் ஃபார்முலா நிப்பானுக்குப் போனார். அதே ஆண்டு ஜூன் 14 அன்று சில்வர்ஸ்டோனில் ஜாகுவார் அணியின் வண்டியைச் சோதனைக்கு ஓட்டி, ஃபார்முலா ஒன் வண்டியில் அமர்ந்த முதல் இந்தியரானார்.

சோதனை ஓட்டம் வேலையாக மாற நான்கு ஆண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலத்தில் ஐரோப்பாவின் உலகத் தொடர் பந்தயங்களில் வெற்றிகள் வந்தன. ஆனால் அந்தக் காலத்தில் சிறிய அணிகளின் இருக்கை, ஓட்டுநரோடு வரும் விளம்பரதாரரையும் சேர்த்தே பேரம் பேசப்பட்டது. டாட்டா குழுமத்தின் ஆதரவு அவருக்குப் பின்னால் நின்றது. திறமை அவரை வாசல்வரை கொண்டுசென்றது. உள்ளே நுழையப் பணமும் தேவைப்பட்டது.

ஜோர்டன், 2005

2005 பிப்ரவரி 1 அன்று ஜோர்டன் அணி அவருடைய பெயரை அறிவித்தது. கைமாறும் நிலையில் இருந்த அந்த அணியைப் பொறுப்பேற்று நடத்தியவர், ருமேனியாவில் பிறந்து ஜெர்மனியில் வளர்ந்த காலின் கோலெஸ். இந்தப் பெயர் பின்னும் இருமுறை வரப்போகிறது.

மெல்பர்னில் 15-ஆம் இடமும் அடுத்து நம் செப்பாங்கில் 11-ஆம் இடமும் பெற்றார். ஜூன் 19 அன்று இண்டியானாபோலிஸில், டயர் பாதுகாப்புச் சிக்கலால் மிஷலின் டயர் பூட்டிய 14 வண்டிகள் விலக, ஆறு மட்டுமே பந்தயம் ஓடின. அதில் நரேன் நான்காவது. அவருடைய 5 புள்ளிகளும் அன்று வந்தவை. ஆறே வண்டிகள் என்று அதைத் தள்ளிவிடலாம். ஆனால் பலவீனமான வண்டியை உடையாமல் கடைசிவரை கொண்டுவந்து சேர்ப்பது ஒப்பந்த ஓட்டுநரின் அடிப்படைத் தகுதி. வாய்ப்பு வந்த நாளில் அவர் அதைக் காட்டினார்.

இடைவெளியும் மீட்சியும்

2006, 2007-இல் வில்லியம்ஸ் அணியின் சோதனை ஓட்டுநர். பிறகு நாடுகளின் பெயரில் நடந்த ஏ-ஒன் ஜிபி தொடரில் இந்தியாவுக்காகச் சூஹாயிலும் பிராண்ட்ஸ் ஹேட்சிலும் வெற்றி. 2009-இல் லெ மான் 24 மணிப் பந்தயத்துக்குக் கோலெஸ் அணியின் ஆடி வண்டியில் இடம் கிடைத்தும், தோள்பட்டைக் காயத்தால் ஓட்ட முடியவில்லை. 2010-இல் அமெரிக்காவின் நாஸ்கார் டிரக் தொடர். அவ்வாண்டே பத்மஸ்ரீ விருதும் வந்தது.

2011-இல் கோலெஸ் நடத்திய ஹிஸ்பானியா அணியின் வழியாக மீண்டும் ஃபார்முலா ஒன். ஆறாண்டுகளில் மூன்று இருக்கைகள் ஒரே மனிதர் வழியாக வந்தது தற்செயலாக இருக்க முடியாது. பட்டறையில் ஒருமுறை சேர்ந்து உழைத்தவரை மறுபடி கூப்பிடுவதுதான் இத்தொழிலின் ஆளெடுக்கும் முறை. ஆனால் அந்த இருக்கையும் நிலையாக இல்லை. பருவத்தின் நடுவிலேயே அதை டேனியல் ரிக்கார்டோவுக்கு விட்டுக்கொடுத்து, அக்டோபர் 30 அன்று நடந்த முதல் இந்தியப் பந்தயத்துக்குத்தான் நரேன் திரும்பினார். 17-ஆவதாக முடித்தார்.

செப்பாங், 2012 மார்ச் 25

பினாங்குப் பாலத்தைக் கடந்து சுமார் 400 கிலோமீட்டர் தெற்கே போனால் செப்பாங். ஒப்பந்த ஓட்டுநரின் நிலை முழுவதும் அங்கே ஒரே பிற்பகலில் வெளிப்பட்டது. கடைசி வரிசையில் இருந்த நரேன், கனமழைக்குரிய டயரோடு தொடங்கினார். மற்றவர்கள் டயர் மாற்ற உள்ளே போனபோது பத்தாம் இடம்வரை ஏறினார். மழை மிகுந்து பந்தயம் நிறுத்தப்பட்டது. மறுபடி தொடங்கியபின் ஜென்சன் பட்டனின் வண்டி அவர்மீது உரசியது. முடிவை நெருங்கும்போது, அவரைச் சுற்று முந்திய செபாஸ்டியன் வெட்டலின் டயர், உரசலில் கிழிந்தது. நான்காம் இடத்தில் இருந்த வெட்டல் புள்ளி ஏதுமின்றி முடித்தார். மோசமான ஓட்டுநரைக் குறிக்கும் 'வெள்ளரி' என்ற அவருடைய ஜெர்மன் வசை உலகச் செய்தியானது. நடுவர்கள் நரேனுக்கு 20 விநாடி தண்டனை விதித்தனர்.

பத்தாம் இடத்துக்கு ஏறிய ஓட்டம் அந்தச் செய்திகளில் மறைந்தது. வெற்றியாளர் வழிகேட்கும்போது மட்டுமே பின்வரிசை ஓட்டுநர் ஒளிப்படக் கருவியில் தெரிகிறார். அவர் பெயரால் எழுதப்படும் வரலாறு அதனால்தான் குறைவுபடுகிறது.

ஒப்பீடு

மலேசியாவின் அலெக்ஸ் யூங் 2001 மான்ஸாவில் மினார்டி வண்டியில் அறிமுகமாகி, 2002-இல் சில பந்தயங்களுக்குத் தகுதி பெறாமல் தவித்தார். பின்னர் ஆசிய ஆடி தொடரில் பட்டங்கள் வென்றார். சென்னையில் பிறந்த கருண் சந்தோக், 2011 ஜூலையில் மலேசிய உரிமம் பெற்ற லோட்டஸ் அணிக்காக ஜெர்மன் பந்தயத்தில் ஒரே ஒருமுறை ஓட்டினார். அவரவர் முதல் ஃபார்முலா ஒன் இருக்கை மூவருக்கும் சிறிய அணியிலேயே கிடைத்தது. மூவரில் அதிகமுறை புறப்பட்டுப் போய்த் திரும்பி வந்தவர் நரேனே.

ஜப்பான், முடிவுரை

2014 முதல் ஜப்பானின் சூப்பர் ஃபார்முலாவில் ஓட்டினார். 2017, 2018-இல் அவருடைய நகாஜிமா அணியின் பெயரில் டாட்டா கன்சல்டன்சி இருந்தது. ஆதரவு இன்னும் கூடவே வந்தது. 2019-இல் அதே அணி அவரைச் சூப்பர் ஜிடி தொடரில் ஹோண்டா வண்டியில் அமர்த்தியது. அந்த வண்டியின் பெயரில் எந்த இந்திய நிறுவனமும் இல்லை. நவம்பர் 24 அன்று ஃபூஜி தடத்தில் ஜெர்மனியின் டிடிஎம் வண்டிகளும் கலந்துகொண்ட பந்தயத்தை அவர் வென்றார்.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை அங்கே இருக்கிறது. முதல் கதவைப் பணமும் நடுக் கதவுகளைப் பரிச்சயமும் திறந்தன. 42 வயதில் நகாஜிமா அணி தன் வண்டியை அவரிடம் கொடுத்தது கைத்திறனை நம்பி. ஒப்பந்தம் முடிந்தபின்னும் ஒருவரை மீண்டும் அழைக்கிறார்கள் என்றால், அவர் வேலை தெரிந்தவர் என்பதுதான் பொருள். பாயான் லெப்பாஸ் வாசல்களில் நின்றவர்களுக்கு இது தெரியும்.