ஆயாவின் வெல்லமும் நானோ கரியும்

பி.காம் படிக்கிறவனுக்கு நானோ எதற்கு என்று வகுப்பில் கிண்டல் வரும், தெரியும். காரணம் எங்கள் ஆயா.

ஆயா இருப்பது செஞ்சிக்குப் பக்கம் பனமலையில். ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீஸ்வரர் கோயில் இருக்கும் ஊர் (தாளம் என்றால் பனை). பல வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறார். "வெல்லத்தில் நானோ கார்பன் இருக்கிறது, விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டார்கள், புற்றுநோய்கூட குணமாகும்" என்று வாட்ஸ்அப்பில் வந்ததைச் சித்தப்பா படித்துக் காட்ட, மறுநாளே ஆயாவின் டீயில் வெல்லம். அடுத்த பரிசோதனையில் சர்க்கரை எகிறிவிட்டது. கோபத்தில் தேட ஆரம்பித்தேன். வேடிக்கை என்னவென்றால், அந்தச் செய்தியில் பாதி உண்மை!

கதை தொடங்குவது சாப்பாட்டில் இல்லை, கரிப்புகையில். 2004ல் அமெரிக்காவின் தெற்கு கரோலினா பல்கலைக்கழகத்தில் புகைக்கரியிலிருந்து கார்பன் நானோ குழாய்களைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். கூடவே, புற ஊதா ஒளி பட்டால் மின்னும் நுண்துகள்களும் வந்தன. தேடியது ஒன்று, கிடைத்தது ஒன்று. 2006ல் அதே மாநிலத்து கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் அவற்றை இன்னும் பிரகாசமாக்கி 'கார்பன் புள்ளிகள்' என்று பெயர் வைத்தார்கள்.

மருத்துவத்துக்கு இது எதற்கு? செல்லுக்குள் நடப்பதைப் பார்க்க ஒளிரும் பொருள் வேண்டும். 2023ல் நோபல் பரிசு பெற்றுத்தந்த குவாண்டம் புள்ளிகள் நன்றாக ஒளிரும். ஆனால் அவற்றில் பல காட்மியத்தால் ஆனவை, காட்மியம் விஷம். கரி அப்படியில்லை.

இனி நம்ம ஊர் ஆட்கள். 2012ல் ஒடிசாவின் ரூர்கேலா தேசிய தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்தவர்கள் ஆரஞ்சுச் சாற்றை மூடிய கலத்தில் 120 டிகிரியில் இரண்டரை மணி நேரம் சூடாக்கிக் கார்பன் புள்ளிகள் எடுத்தார்கள். உள்ளே போகிற ஒளியில் 26 சதவீதம் திரும்பி வந்தது. எலும்புப் புற்றுநோய் செல்களுக்குள் அவற்றைச் செலுத்திப் படமும் எடுத்தார்கள். (ஜூஸ் கடைக்காரர் கேட்டால் அழுவார் :-))

அதே 2012ல் குவாஹாத்தி ஐஐடியினர் ஒரு படி மேலே போனார்கள். எதையும் புதிதாகச் செய்யவில்லை. ரொட்டி, பிஸ்கட், கார்ன் ஃபிளேக்ஸ், வெல்லம் இவற்றிலேயே துகள்கள் ஏற்கனவே இருப்பதைக் காட்டினார்கள். அளவு 4 முதல் 30 நானோமீட்டர். கொப்பரையில் சாறு காய்ந்து நிறம் மாறும்போது சர்க்கரையிலிருந்து நீர் பிரிந்து, கொஞ்சம் இப்படிக் கரித்துகளாகிறது. ஆயாவின் வாட்ஸ்அப் செய்திக்கு மூலம் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் வெல்லத் துகள் ஒளிர்ந்தது வெறும் 0.55 சதவீதம். நூற்றாண்டுகளாக மனிதர் சாப்பிடுவதால் பாதுகாப்பானது என்று கருதலாம் என்றும் எழுதினார்கள். எனக்கு இது முழுசாக ஒப்பவில்லை. வாய்வழி போவதும் ஊசி வழி ரத்தத்தில் போவதும் ஒன்றா? இந்த இரண்டு ஆய்வுகளிலுமே நோயாளிகள் யாருக்கும் கொடுத்துப் பார்க்கவில்லை. ஒளிரும் துகளைப் பிரித்து எடுத்தார்கள். டீயில் போடும் வெல்லத்திலோ துகளைச் சுற்றி இருப்பது மொத்தமும் சர்க்கரை.

இதையெல்லாம் ஆயாவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப கருகின ரொட்டியிலயும் அந்த மருந்து இருக்குதாடா?" என்றார்.

"துகள் இருக்கு ஆயா. மருந்து இல்ல."

டீயில் இப்போது வெல்லம் இல்லை. சித்தப்பாவின் போனைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.