கண்ணொளி தந்த பதினொரு படுக்கைகள்

கண்புரை விழுந்தால், "வயதாகிவிட்டது, இனி அவ்வளவுதான்" என்று நம் முன்னோர் திண்ணையோடு ஒடுங்கினர். அறுவைச் சிகிச்சை இருந்தும் ஏழைக்கு எட்டவில்லை. இந்நிலையை மாற்ற, அரசுப் பணியில் ஓய்வுபெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் கோணிய விரல்களாலேயே அறுவைக் கத்தி பிடிக்கப் பழகியவர் அவர்.

வசதியுள்ளோரின் கட்டணமே ஏழையரின் இலவச சிகிச்சையைத் தாங்கியது. இலவசமாயினும், பஸ் செலவும் துணைக்கு வருபவரின் அன்றாடக் கூலியும் தடுத்தன. எனவே கிராமங்களில் முகாம் நடத்தி, நோயாளிகளை அழைத்துச்சென்று, உணவளித்து, ஊரில் கொண்டுவிட்டனர். அயல்நாட்டு லென்சின் விலை எட்டாதிருக்க, 1992-இல் ஆரோலேப் நிறுவி இங்கேயே மலிவாகச் செய்தனர்.

வெங்கடசாமி 2006-இல் மறைந்தார். நம் இல்லத்து முதியோரின் பார்வை மங்கினால் விதியென்று விடாது, கைபிடித்து அழைத்துச்செல்வோம்.