இயக்க விதிகள் பிறந்த கதை

1684 ஜனவரியில் லண்டனில் கிறிஸ்டோபர் ரென், ராபர்ட் ஹூக், எட்மண்ட் ஹாலி மூவரும் ஒரே கேள்வியில் சிக்கிக்கொண்டார்கள். சூரியனின் ஈர்ப்பு தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது என்றால், கோள் எந்தப் பாதையில் சுற்றும்? நிரூபித்துக் காட்டுபவருக்கு 40 ஷில்லிங் பெறுமானமுள்ள புத்தகம் தருவதாக ரென் சொன்னார். தனக்கு விடை தெரியும் என்றார் ஹூக்; ஆனால் காட்டவில்லை. ஆகஸ்டில் ஹாலி கேம்பிரிட்ஜுக்கே போய் நியூட்டனிடம் கேட்டார். நீள்வட்டம் என்று உடனே பதில் வந்தது. கணக்குப் போட்ட தாள்தான் கிடைக்கவில்லை.

நவம்பரில் நியூட்டனின் ஒன்பது பக்கக் கையெழுத்துப்படி ஒன்று ஹாலிக்கு வந்துசேர்ந்தது. நாம் படிக்கும் மூன்று விதிகள் அதில் இல்லை! பொருள் தன் உள்விசையால் நேர்கோட்டில் சீராகச் செல்லும் என்றுதான் அதில் இருந்தது. அதற்குப் பிறகு நியூட்டன் திரும்பத் திரும்ப எழுதினார். வரைவுக்கு வரைவு விதிகள் ஐந்தாயின, ஆறாயின, கடைசியில் மூன்றாயின. ஆப்பிள் கதையைவிட இந்த அடித்தல் திருத்தல்கள்தான் பிள்ளைகளுக்குச் சொல்லத் தகுந்தவை என்பேன்.

1687இல் இந்த விதிகளைத் தாங்கிய ‘பிரின்கிபியா’ நூல் வெளிவந்தபோது, முதல் இரண்டு விதிகளின் பெருமையை நியூட்டன் கலிலியோவுக்குக் கொடுத்தார். நேர்கோட்டு இயக்கத்தை 1644இலேயே தெளிவாக எழுதிவிட்ட பிரெஞ்சுத் தத்துவஞானி தெகார்த்தின் பெயரை அங்கே சொல்லவில்லை. அது நியாயமில்லை.

ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்னும் மூன்றாம் விதிக்குத்தான் நியூட்டன் அதிகம் பாடுபட்டார். மோதல்களைப் பற்றி ரென், வாலிஸ், ஹைகன்ஸ் மூவரும் முன்பே ஆராய்ந்திருந்தார்கள். நியூட்டன் 10 அடி ஊசல்களில் கம்பளி நூல், எஃகு, தக்கை, கண்ணாடி என வெவ்வேறு உருண்டைகளைக் கட்டி மோதவிட்டு அளந்தார். தொடாமலே இழுக்கும் விசைக்கும் இந்த விதி பொருந்துமா? காந்தத்தையும் இரும்பையும் தனித்தனிக் கலங்களில் வைத்து, தண்ணீரில் மிதக்கவிட்டார். கலங்கள் நெருங்கி ஒட்டின. பிறகு ஒன்று மற்றொன்றைத் தள்ளிக்கொண்டு போகாமல் அப்படியே நின்றன. இரு இழுப்புகளில் ஒன்று சற்றுக் குறைந்திருந்தாலும் இரண்டும் சேர்ந்து ஒரு பக்கமாக ஓடியிருக்கும். சூரியன் கோளை இழுத்தால் கோளும் சூரியனை இழுக்கிறது என்று துணிந்து எழுத இந்த விதிதான் வழிவிட்டது.

‘பிரின்கிபியா’வை அச்சிட லண்டன் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியிடம் பணம் இல்லை. மீன்களைப் பற்றிய ஒரு பெரிய நூலுக்குச் செலவழித்திருந்தது. ஹாலி தன் கைப்பணத்தில் அச்சிட்டார். விசை என்பது நிறையும் முடுக்கமும் பெருக்கிய அளவு என்று வகுப்பில் எழுதுகிறோமே, அந்தச் சமன்பாடு அந்த நூலில் இல்லை. இயக்கத்தின் மாற்றம் விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பதே நியூட்டன் எழுதியது. அதைப் பொதுச் சமன்பாடாக்கி, இயந்திரவியல் முழுவதற்கும் அடித்தளம் என்று 1750இல் பெர்லினில் முன்வைத்தவர் கணிதவியலாளர் ஆய்லர்.